வலிக்கு ஓர் எண்

சொல்லவேண்டிய எண் நான்கு. சென்ற வாரம் ஐந்து என்று சொல்லியாயிற்று, அதற்கு முந்தைய வாரம் ஆறு. ஆகவே இன்று நான்கு என்றால் ஒருவருக்கும் வியப்பு இராது. சுவரில் ஒட்டியிருக்கும் பெரிய அட்டையில் அவள் பெயருக்கு நேரே பச்சை மையில் படியிறங்கி வருகிற கோடு இன்னும் ஒரு படி இறங்கும், ஷெர்லின் முகம் மலர்வாள், எல்லோரும் கைதட்டுவார்கள், தேநீர் வரும், அதோடு முடிந்தது. தில்லைநாயகி இடது தொடைக்கு அடியில் ஒரு துண்டை மடித்துக் கொடுத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் வலப்பக்கம் சாய்த்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வட்டமாகப் போட்ட ஆறு நாற்காலிகளில் அவளுடையது ஐந்தாவது. இடுப்பெலும்பின் இடப்பக்கத்தில், ஒரு குங்குமப் பொட்டு வைத்து மறைத்துவிடக்கூடிய சின்ன இடத்தில், யாரோ கோணி ஊசியை இறக்கி, சணல் கோத்து, தொடை வழியாகக் கணுக்கால் வரைக்கும் தைத்துக்கொண்டு போனார்கள். தைத்து முடித்ததும் மறுபடியும் இடுப்பிலிருந்து தொடங்கினார்கள். ஆறு வருடமாக அந்தக் கை ஓயவில்லை. பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் இதற்குமேல் தாங்க முடியாது. அந்த ஏணியில் அவளுடைய உண்மையான எண் ஒன்பது. முதல் செவ்வாய்க்கிழமை ஒன்பது, இந்த ஆறாவது செவ்வாய்க்கிழமையும் ஒன்பது. நடுவில் சொன்னவை எல்லாம் பொய். பொய் என்ற சொல்லை மனத்துக்குள் வைத்துப் பார்த்தபோது அது அவளுக்குப் பொருந்தாத இன்னொருத்தியின் செருப்பைப்போல இருந்தது. ஆனால் காலில் கிடப்பது அதுதான். நான்கு. வெறும் மூன்றெழுத்து, வாயைத் திறந்தால் வந்துவிடும். ஏன் இன்று மட்டும் நாக்குக்கு அடியில் கல்லாக உட்கார்ந்திருக்கிறது?

திண்டுக்கல்லில் பழைய கரூர் சாலைப் பக்கம் இருக்கும் அந்த அறக்கட்டளை மருத்துவமனையின் இயன்முறைச் சிகிச்சை அறையில், தீராத வலிக்காரர்களுக்கென்று ஆறு வாரக் குழு நடந்துகொண்டிருந்தது. இன்று கடைசி நாள். மெழுகு உருக்கும் தொட்டியின் வாடை, சூட்டு ஒத்தடப் பைகளின் ஈர வாடை, தலைக்குமேல் ஒரு இறக்கை மட்டும் தளர்ந்து தட்தட்டென்று சுற்றும் மின்விசிறி. வட்டத்துக்கு வெளியே, நடைபழகும் கம்பிகளுக்குப் பக்கத்தில், அறக்கட்டளையின் செயலாளர் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் பார்க்காமல் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நம்ம செக்ரட்டரி சார் வந்திருக்காங்க. பயப்படாதீங்க, எப்பவும் போலப் பேசுங்க," என்றாள் குழுவை நடத்தும் ஷெர்லின். இருபத்தாறு வயது இருக்கும் அவளுக்கு. பேசும்போது கழுத்தில் கிடக்கும் சின்னச் சிலுவையைப் பிடித்துக்கொள்வாள். எப்பவும் போல என்று சொல்லும்போதே அந்தக் கை மேலே போய்விட்டது. "ரத்தினசாமி ஐயா, நீங்க தொடங்குங்க. போன வாரம் எழுதின திட்டம் என்ன, எத்தனை நாள் முடிஞ்சது, வலி எத்தனை, அடுத்த வாரத்துக்கு நம்பிக்கை எத்தனை?" அதுதான் அங்கே முறை. என்ன செய்வேன், எவ்வளவு செய்வேன், எப்போது செய்வேன் என்று ஒரு சின்னத் திட்டம். அதை முடிப்பேன் என்ற நம்பிக்கை பத்துக்குக் குறைந்தது ஏழு இருக்கவேண்டும். இல்லாவிட்டால் நம்பிக்கை ஏழுக்கு ஏறும் வரைக்கும் திட்டத்தைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். லாரி ஓட்டி ஓட்டிக் கழுத்தெலும்பு தேய்ந்த ரத்தினசாமி தொண்டையைக் கனைத்தார். "நாலு நாள் கழுத்துப் பயிற்சின்னு எழுதினேன் மேடம். மூணு நாள் செஞ்சேன். நாலாவது நாள் மச்சான் வீட்டுக் கெடா வெட்டு. கெடாவுக்கே கழுத்து போயிருச்சு, எனக்கு எதுக்குப் பயிற்சின்னு விட்டுட்டேன்." செயலாளர்கூடச் சிரித்தார். "வலி எத்தனைங்கய்யா?" "ஏழுன்னு போடுங்க. சார் வந்திருக்காங்கல்ல, ஆறரை." மறுபடியும் சிரிப்பு. சிரித்தபோது தில்லைநாயகியின் விலாவுக்குக் கீழே ஊசி ஒரு சுற்றுச் சுற்றியது. சிரிக்கக்கூட ஒரு விலை. முதல் நாள் ஷெர்லின் ஒரு கதை சொன்னாளே, இவர்தானே அதற்கும் பதில் சொன்னார். வலி ஒரு விருந்தாளி, அழையாமல் வந்துவிட்டான், கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் போகமாட்டான். அவனோடு சண்டை போடுவதை விட்டு, ஒரு மூலையில் பாய் போட்டுக் கொடுத்துவிட்டு நம் வேலையைப் பார்ப்போம் என்றாள் அந்தப் பெண். "மேடம், அவன் வந்த அன்னைக்கே கட்டில்ல ஏறிப் படுத்துக்கிட்டான். மூலையில பாய் போட்டுப் படுத்திருக்கிறது நாங்கதான்," என்றார் ரத்தினசாமி. எல்லோரும் சிரித்தார்கள், ஷெர்லின் மட்டும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள். அந்த நிற்றல்தான், அந்தக் குழந்தைத் திகைப்புதான், எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

இரண்டாவது வாரம் மழை. அப்போது குழுவில் இருந்த எட்டுப் பேரில் ஐந்து பேர்தான் வந்திருந்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராக, எட்டு, ஒன்பது, எட்டு, பத்து என்று சொல்லச் சொல்ல, ஷெர்லினின் பேனா அட்டையில் கோட்டை மேலேயே இழுத்துக்கொண்டு போனது. அவள் கண் சிவந்திருந்தது, அழுதிருந்தாளோ, காய்ச்சலோ. "தில்லையம்மா, உங்களுக்கு?" என்று கேட்டபோது அந்தக் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது, தட்டை நீட்டிக்கொண்டு ஒரு பிள்ளை நிற்பது போல. பசித்த பிள்ளைக்கு இல்லை என்று சொல்லித் தில்லைநாயகிக்குப் பழக்கமில்லை. எட்டு என்றாள். ஒன்றே ஒன்று குறைத்தாள், அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் முகத்தில் வெளிச்சம் வந்தது! எத்தனை காலமாயிற்று, தன்னால் ஒரு முகத்தில் வெளிச்சம் வந்து. வீட்டில் அவள் முனகினால் கணவர் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுவார். கெட்டவர் அல்லர், நான்கு வருடம் தைலம் தேய்த்துவிட்ட கைதான், ஐந்தாவது வருடம் அந்தக் கை சலித்துவிட்டது. மகன் செருப்பை மாட்டிக்கொண்டே "இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் வண்டியை உதைத்துவிடுவான். கேட்கிறவர்களே, ஒரு நோயாளியிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்கு முன்னால், அவள் உண்மையைச் சொன்னால் நின்று கேட்க உங்களுக்குக் காலில் பலம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பலம் இல்லாதவன் கேட்கிற கேள்வி, கேட்கப்படுகிறவளுக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கும் பாடம். ஆறு வருடம் அந்தப் பாடத்தைப் படித்துத் தேறியவள்தானே அவள். பரவாயில்லை, இப்போ தேவலாம், நேத்தைக்கு இன்னைக்குக் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. வாயில் உருட்டி உருட்டி வழவழப்பாகிவிட்ட சொற்கள். எட்டு அவற்றில் ஒன்று. எட்டு போன வழியிலேயே ஏழும் போனது, ஆறும் போனது.

"மெகருன்னிசா அம்மா," என்று ஷெர்லின் கூப்பிட்டாள். இரண்டாவது நாற்காலியில் இருந்தவள் மூட்டுவாதத்தில் கோணிப்போன விரல்களை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பேசினாள். "இந்த வாரம் நானே தலை சீவிக்கிட்டேன்மா. மூணு நாள். மருமக பார்த்துட்டு, யாரு சடை போட்டா, காக்காயான்னு கேட்டா. காக்கா போட்டாலும் என் காக்கா போட்டதுடின்னேன். வலி எட்டு. அது அப்படியேதான் கெடக்கு." எட்டு என்பதை எவ்வளவு இலகுவாகச் சொல்லிவிட்டாள்! வலி எட்டு, சடை மூன்று நாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டாள், ஒன்று மற்றொன்றைத் தின்னவில்லை. தில்லைநாயகிக்கும் அப்படி ஒன்று உண்டே. காய் நறுக்கும்போது ஸ்டூலில் உட்காரவும், வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துச் செய்யவும், பத்து நிமிடம் நடந்து ஐந்து நிமிடம் நிற்கவும் இங்கேதான் கற்றாள். குறையாத வலியோடு ஒரு பொரியல் செய்து முடிக்கிறாள், அது பொய்யில்லை. முதல் நாளே ஷெர்லின் சொல்லியும் இருந்தாள், எண் இறங்காமல் போகலாம், ஆனால் நாள் கொஞ்சம் அகலமாகும் என்று. அகலமானதைச் சொல்லியிருக்கலாம். அதற்கு அட்டையில் கோடு இல்லை. கோடு எண்ணுக்குத்தான். இருபத்து மூன்று வருடம் கூட்டுறவு ரேஷன் கடையில் எடை போட்டவள் அவள். ஐம்பது கிலோ மூட்டையை நகர்த்தி நகர்த்தித்தான் இடுப்புப் போயிற்று. அந்த இருபத்து மூன்று வருடத்தில் ஒரு அட்டைக்காரருக்கு ஒரு பிடி அரிசி குறைத்துப் போட்டதில்லை. பையின் எடையைக் கழிக்காமல் போட்ட ஒரு பையனை எல்லோர் முன்னிலையிலும் வைத்துத் திட்டியிருக்கிறாள். தட்டில் வைக்கிறது அடுத்தவன் வீட்டுச் சோறுடா என்று கத்தியிருக்கிறாள். வரிசையில் நின்ற பெண்கள் எடையைப் பார்க்கமாட்டார்கள், அவள் முகத்தைப் பார்ப்பார்கள், பையை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த முகத்தைத்தான் இந்த வட்டமும் ஆறு வாரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நம்பிக்கையோடு பையை நீட்டுகிறது. அவளோ, ஒன்பதை வைத்துவிட்டு எட்டு என்கிறாள், ஏழு என்கிறாள். யாரை ஏமாற்றினேன், என் சோற்றில்தானே குறைத்துக்கொண்டேன், அதில் யாருக்கு என்ன நட்டம்? சென்ற செவ்வாய் வரைக்கும் இப்படித்தான் அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வலப்பக்கத்தைப் பார்க்கக்கூடாது. பார்க்காமலே தெரிந்தது. ஆறாவது நாற்காலியில் பாக்கியநாதன் இடது காலை நீட்டி, குதிகால் தரையில் படாமல் மடித்த செய்தித்தாளின்மேல் வைத்திருந்தான். தோல் பதனிடும் தொழிற்சாலையில் ஈரத்தோல் அடுக்குச் சரிந்து காலில் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது, நரம்பு மட்டும் இன்னும் அந்த அடுக்குக்கு அடியிலேயே கிடந்து எரிகிறது. நாற்பத்து மூன்று வயது. வாய் திறந்து பேசமாட்டான். முதல் வாரம் திட்டம் எழுதச் சொன்னபோது பேனாவை வைத்துக்கொண்டு முழித்தான், பிறகு அவள் நோட்டை எட்டிப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டான்: வாரம் நான்கு நாள், மாலையில், பத்து நிமிட நடை. அடுத்த வாரமும் அவள் எழுதியதையே எழுதினான். அவளுக்கு அது பிடித்திருந்தது. சென்ற செவ்வாய் பேருந்துக்காக மருத்துவமனை வாசல் வேப்பமரத்தடியில் நின்றபோதுதான் அவன் முதல்முறையாக நீளமாகப் பேசினான். "அக்கா, உங்களுக்கு அஞ்சுக்கு வந்துருச்சு. எனக்கு ஒம்பதுலயே நிக்குது. நீங்க நாலு நாளு நடந்தீங்க. நமக்குப் பத்தலையோன்னு நான் ஏழு நாளும் நடந்தேன்க்கா, ரெண்டு வேளை." அவள் குனிந்து பார்த்தாள், கணுக்கால் பப்பாளியைப் போல வீங்கிப் பளபளத்தது. "ஏம்ப்பா, மேடம்கிட்டச் சொல்லலையா?" "என்னத்தச் சொல்ல. மருந்து ஒண்ணு, பயிற்சி ஒண்ணு, நோட்டுல எழுதினதும் ஒண்ணு. உங்களுக்குக் குறையுது, எனக்குக் குறையல. அப்ப கோளாறு கால்ல இல்லக்கா, எம்மேலதான். எம்பொண்டாட்டி அதத்தான் சொல்றா. அந்தம்மா உன்னைவிடப் பத்து வயசு மூத்தது, அதுக்குக் குறையுது, நீ வேலைக்குப் போக வலிச்சுக்கிட்டு நடிக்கிறேன்னு." அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் பல் மட்டும் தெரிந்தது. "ஒரு வேளை நான் நடிக்கிறேனோன்னு எனக்கே தோணுதுக்கா. ராத்திரி முழுக்க முழிச்சுக்கிட்டு நடிப்பாங்களா? அடுத்த வாரம் கடைசி. அதோட சரி. இப்படி ஒரு ஆளு இருந்து வீட்டுக்கு என்ன ஆகப்போவுது. போய்ச் சேர்ந்துட்டா அவளாவது நிம்மதியா இருப்பா." பேருந்து வந்துவிட்டது. அவள், அப்படியெல்லாம் பேசாதே என்று சொன்னாள். உண்மையைச் சொல்லவில்லை. எனக்கும் ஒன்பதுதான் என்று இரண்டு சொல் சொல்லியிருக்கலாம், நடத்துநர் விசில் ஊதுவதற்குள் சொல்லியிருக்கலாம். அப்படியெல்லாம் பேசாதப்பா என்றாள், ஏறினாள், உட்கார இடம் கிடைக்குமா என்று பார்த்தாள். இடம் கிடைத்தது. அந்த இடத்தில் உட்கார்ந்தபோது ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. எப்பேர்ப்பட்ட மனம் இது.

ஏழு நாள் இதையே சுற்றிச் சுற்றி வருகிறாள். காயை நறுக்கினால் அவன் கணுக்கால், குளிக்கப் போனால் போய்ச் சேர்ந்துட்டா. போய்ச் சேர்ந்துவிட்டானோ, அடுத்த செவ்வாய் அந்த நாற்காலி காலியாக இருக்குமோ என்று ஞாயிறு முழுக்கப் பதறினாள். அவன் தொலைபேசி எண்ணைக்கூட வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. இன்று காலை அவன் நொண்டிக்கொண்டு கதவைத் தள்ளி உள்ளே வந்தபோது அழுகை வந்தது. வந்துவிட்டான், இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. மூன்றாவது நாற்காலியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அது காலி, மூன்றாம் வாரத்திலிருந்தே காலி. ஷெர்லினின் குரல் அதைத் தாண்டி நான்காவதற்கு வந்துவிட்டது. செல்லப்பாண்டி, ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், முழங்கால் தேய்மானம். அவர் தொடங்கினால் கால் மணி நேரம். "வலி என்பது, செயலாளர் அவர்களே, ஒரு நிறம் என்று நான் கருதுகிறேன்," என்று எழுந்தே நின்றுவிட்டார். "உக்காந்து சொல்லுங்க சார், அந்த நிறம் முழங்கால்ல ஊத்திரப்போவுது," என்றார் ரத்தினசாமி. பேசட்டும், நிறையப் பேசட்டும், ஏழு நிறத்தையும் பேசட்டும். அவளுக்கு நேரம் வேண்டும். நேரம் எதற்கு? ஒரு ஊர் இருந்தது என்று தனக்குள் ஒரு கதை ஓடத் தொடங்கியது, இந்த வாரம் தினமும் அது ஓடுகிறது. ஒரு ஊரில் ஒரு கிணறு, கிணற்றின் நீரை அளந்து சொல்ல ஒருத்தி. ஊரார் முகம் வாடக்கூடாது என்று அவள் வருடா வருடம் ஒரு முழம் கூட்டிச் சொல்லிவந்தாள். ஊரார் கைதட்டினார்கள், பொங்கல் வைத்தார்கள். கயிறு இறக்கியவன் வாளியில் மட்டும் சேறு வந்தது. கிணற்றில் தண்ணீர் இல்லை என்று அவன் நினைக்கவேயில்லை, தன் கயிறுதான் குட்டை என்று நினைத்தான். கயிற்றை நீட்டினான், இன்னும் நீட்டினான், கடைசியில் கயிற்றோடு அவனும் இறங்கிவிட்டான். கதை எப்போதும் அங்கே வந்து நின்றுவிடுகிறது. அளந்து சொன்னவள் அப்புறம் என்ன செய்தாள் என்பது வருவதில்லை. கருணை என்று எண்ணிச் சொல்லும் பொய்யை யாருக்குச் சொல்கிறோமோ அவர் மட்டும் கேட்பதில்லை; பக்கத்து நாற்காலியும் கேட்கிறது. மனமே, இதைப் புரிந்துகொள். புரிந்துகொண்டேன், புரிந்துகொண்டு என்ன? அதோ அந்தச் சிலுவையைப் பிடித்திருக்கும் பெண். சென்ற வாரம் காதருகே குனிந்து சொன்னாளே, "எண் குறைஞ்சிருக்குன்னு காட்டினாத்தாம்மா அடுத்த குழுவுக்கு அனுமதி. இல்லைன்னா இந்த அறையை ஸ்கேனுக்கு எடுத்துருவாங்க. அட்டையில உங்க கோடு ஒண்ணுதான் முழுசா இறங்கியிருக்கு. அடுத்த குழுவை நீங்கதான் எங்கூட சேர்ந்து நடத்தணும்." அவளும் ஒரு எண்ணுக்காகக் காத்திருக்கிற ஏழைதான். நான்கு என்றால் அடுத்த குழு வரும், இன்னும் எட்டுப் பேர் ஸ்டூலில் உட்கார்ந்து காய் நறுக்கக் கற்பார்கள். ஒருத்தி தானே சடை போட்டுக்கொள்வாள். ஒன்பது என்றால் ஒருவன் பிழைப்பான். பிழைப்பானா? ஒரு எண்ணைக் கேட்டு ஒரு மனிதன் பிழைப்பானா? தெரியாது. எட்டுப் பேரின் சடையையும் ஒருவனின் உயிரையும் எந்தத் தட்டில் வைப்பது? இடது கால் மரத்துப்போயிற்று, மரத்த காலுக்குள்ளும் ஊசி தன் வழியைக் கண்டுபிடித்துப் போய்க்கொண்டிருந்தது. செல்லப்பாண்டி உட்கார்ந்துவிட்டார். எப்போது உட்கார்ந்தார்? கைதட்டல் கேட்டது. இவ்வளவு சீக்கிரமா?

"தில்லையம்மா." ஷெர்லின் பச்சைப் பேனாவைத் திறந்து அட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். செயலாளர் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தினார். இந்த அம்மாதானா என்று அவர் பார்வை கேட்டது. "சொல்லுங்கம்மா, வலி இன்னைக்கு எத்தனை?" வாய் திறந்தது. திறந்த வாய்க்குள் காற்று போயிற்று. நான்கு என்ற சொல் அதோ பல்லுக்குப் பின்னால் தயாராக நிற்கிறது. "ஒன்பது," என்றாள். விசிறி தட்தட்டென்றது. "எத்தனைம்மா?" "ஒன்பதும்மா. எப்பவும் ஒன்பதுதான். எட்டு, ஏழுன்னு சொன்னதெல்லாம் நானாச் சொன்னது. உன் மனசு கஷ்டப்படக்கூடாதுன்னு சொன்னேன். ஒரு நாள்கூடக் குறையல." சொல்லும்போது ஷெர்லினைப் பார்க்கவில்லை, வலப்பக்கம் திரும்பி ஆறாவது நாற்காலியைப் பார்த்துத்தான் சொன்னாள். பாக்கியநாதா, கேட்டுக்கொள், உன் கயிறு குட்டையில்லை, கிணற்றில்தான் தண்ணீர் இல்லை. இதை வாய்விட்டுச் சொல்லியிருக்கவேண்டும். சொல்வதற்குள் ஷெர்லின் வந்து முன்னால் மண்டியிட்டு அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை சில்லென்றிருந்தது. கோபம் இல்லை, அந்தப் பெண்ணின் முகத்தில் அவளால் தாங்கமுடியாத அளவுக்கு அன்புதான் இருந்தது. "அம்மா, மூணாவது வாரம் படிச்சோமே, ஞாபகம் இருக்கா? வலி ஏறுற நாள். அந்த நாள்ல முன்னாடி குறைஞ்சதெல்லாம் பொய்யின்னு தோணும். அப்படித் தோணுறதும் வலியோட வேலைதான். இன்னைக்கு உங்களுக்கு வலி ஏறின நாள்மா." "இல்லம்மா, நான் சொல்றது..." "பரவாயில்லைம்மா. அழணும்னா அழுங்க. இங்க நாங்க எல்லாரும் இருக்கோம்." அவள் எழுந்து போய், அட்டையில் தில்லைநாயகியின் பெயருக்கு நேரே நான்கு என்றோ ஒன்பது என்றோ புள்ளி வைக்காமல், ஒரு சின்ன நட்சத்திரம் போட்டு, ஓரத்தில் வலி ஏறிய நாள் என்று எழுதினாள். செயலாளர் புரிந்துகொண்டவர்போலத் தலையசைத்துத் தன் கோப்பில் ஏதோ குறித்துக்கொண்டார். "மனசைத் தளரவிடாதீங்கம்மா," என்றார் செல்லப்பாண்டி. "ஒரு நாள் மேடு வரும் தாயி, வண்டி ஏறி எறங்கிரும்," என்றார் ரத்தினசாமி. அந்த மனிதர்கூடக் கேலி செய்யவில்லை. கைதட்டினார்கள். இருபத்து மூன்று வருடம் எடைக்குப் பின்னால் நின்றவளுக்கு இது நடந்ததில்லை. சரியான எடையைத் தட்டில் வைத்தாள், தட்டு அசையவேயில்லை. உண்மைக்கு ஒரு நேரம் உண்டு, அந்த நேரத்தைப் பொய்க்குக் கொடுத்துவிட்டவள் பின்னால் வந்து உண்மையை எத்தனை முறை கூவினாலும் அது இன்னொரு நோயாகத்தான் கேட்கும் என்று அவளுக்கு விளங்கியது. விளங்கி என்ன பயன். ஆனாலும் அவன் கேட்டிருப்பான். அவனுக்காகத்தானே சொன்னாள். மற்றவர்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும், அவனுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

"பாக்கியநாதன் அண்ணா, நீங்க." ஷெர்லின் பச்சைப் பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். தில்லைநாயகி அவனைப் பார்த்தாள், அவனும் அவளைப் பார்த்தான்; ஆறு வாரத்தில் அவன் கண்ணை இவ்வளவு பக்கத்தில் அவள் பார்த்ததில்லை. கேட்டுவிட்டான். முழுக்கக் கேட்டுவிட்டான். வலி ஏறிய நாள் என்ற பேச்சை அவன் நம்பவில்லை, அவள் சொன்னதை நம்பிவிட்டான், அது அந்தக் கண்ணில் தெரிந்தது. ஒரு சுமை இறங்கிய ஆளைப்போல அவன் தோள் தாழ்ந்தது. அவளுக்குள் ஏதோ ஒன்று, மிக மெல்லிய ஒன்று, தலைதூக்கியது. சொல், ஒன்பது என்று சொல், இரண்டு ஒன்பது சேர்ந்தால் அதை யாரும் வலி ஏறிய நாள் என்று எழுத முடியாது. அவன் அவளுடைய ஈரமான முகத்தைப் பார்த்தான், பேனாவைப் பிடித்திருக்கும் பெண்ணைப் பார்த்தான், மறுபடி அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு இரக்கம் வந்து பரவியது. அந்த இரக்கத்தை அவள் அறிவாள். இரண்டாவது வாரம், மழை நாள், அவள் முகத்தில் பரவியதும் அதுதான். வேண்டாம் என்று சொல்ல அவள் கையைத் தூக்கினாள். "நாலுங்க மேடம்," என்றான் பாக்கியநாதன். "என்னண்ணா?" "நாலு. குறைஞ்சிருக்குங்க. போன வாரமே குறைஞ்சிருச்சு, நிலைக்குமான்னு பார்த்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்." பிறகு அவள் பக்கம் குனிந்து, பிள்ளைக்குச் சொல்வதுபோல, "எனக்கே குறையுது, உங்களுக்குக் குறையாதாக்கா? அழாதீங்க," என்றான். ஷெர்லின் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள், ஒன்பதிலேயே படுத்துக் கிடந்த கோட்டை ஒரே இழுப்பில் நான்குக்கு இறக்கினாள். செயலாளர் எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினார். "நம்பிக்கை எத்தனைண்ணா? அடுத்த வாரத்துக்கு?" "பத்து," என்றான். தில்லைநாயகி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "பொய்," என்றாள். கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை. "பொய் சொல்றப்பா. உன் காலைக் காட்டு அவங்களுக்கு." அவன் சிரித்தான், பல் மட்டும் தெரியும் அந்தச் சிரிப்பு. "விடுங்கக்கா, எல்லாரும் பார்க்கிறாங்க." தேநீர்த் தட்டு வந்தது. நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார்கள். அவன் ஒரு காலால் எழுந்து நின்றான். அவளும் எழுந்தாள், ஊசி இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரே மூச்சில் ஓடியது, பிடியை விடவில்லை. "வீட்டு விலாசம் சொல்லு," என்றாள். "எதுக்குக்கா?" "சொல்லு." "பரவாயில்லக்கா," என்றான் அவன், அவள் ஆறு வருடம் சொல்லிச் சொல்லி வழவழப்பாக்கிய அதே குரலில், "எனக்கு இப்போ தேவலாம்."